மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு வேலை: ஐஆரிலிருந்து ஆர்எஃப்

ஹைதராபாத்தில் ஹோம் தியேட்டர் பொருத்தும் நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களிலேயே இந்தப் புகார் உங்கள் பெயருக்கு வந்து சேரும்: "அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால்தான் ரிமோட் வேலை செய்கிறது." கோகாபேட், நார்சிங்கி, தெல்லாபூர் பக்கம் எழும்பும் வில்லாக்களில் தியேட்டருக்கென்றே தனி அறை ஒதுக்குகிறார்கள். திரையும் ஸ்பீக்கரும் மட்டும் கண்ணில் பட வேண்டும். ஆம்ப், செட்டாப் பாக்ஸ், புளூ-ரே பிளேயர் எல்லாம் மரக்கதவுக்குப் பின்னாலோ பக்கத்து அறையிலோ மறைய வேண்டும் என்று இன்டீரியர் டிசைனர் முடிவு செய்திருப்பார். கதவு பொருத்திய நாளிலிருந்து ரிமோட்டுக்கும் கருவிகளுக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

வாடிக்கையாளர் கேட்பது "ஆர்எஃப் ரிமோட்". கடையில் ஒன்றை வாங்கிக் கொடுத்து வேலை முடிந்தது என்று எண்ணும் டெக்னீஷியன் அடுத்த வாரமே அந்த வீட்டுப் படியை மறுபடி ஏறுவார். இந்த மாற்றத்தில் ரிமோட்டின் பங்கு மிகச் சிறியது. மற்ற பங்குகளைப் புரிந்துகொண்டு செய்பவரைத்தான் நிறுவனங்கள் ஏணியிலிருந்து இறக்கி புரோகிராமிங் மேசையில் உட்கார வைக்கின்றன. அதனால் இந்தப் புகார் உங்கள் பெயருக்கு வரும்போது தட்டிக் கழிக்காதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

ஒளி, அலை, மறுபடி ஒளி

டிவி ரிமோட்டின் நுனியில் இருப்பது ஒரு சிறிய எல்இடி. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளியை அது வீசும். அந்த ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை விட்டு விட்டு மின்னும். சோனி 40 கிலோஹெர்ட்ஸ், பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்ஸ் என்று சிறு வேறுபாடுகள் உண்டு. ஒளி என்பதால் மரத்தைத் துளைக்காது. நேர் வெயிலும் சில வகை விளக்குகளும் அதைக் குழப்பும். பழைய ஐஆர் ரிமோட் "வெயில் நேரத்தில் படுத்துகிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் சொல்வது உண்மைதான், மறுக்காதீர்கள்.

ஆர்எஃப் ரிமோட் ரேடியோ அலையை அனுப்பும். அலை கதவைத் தாண்டிச் செல்லும். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆம்புக்கும் புரொஜெக்டருக்கும் ரேடியோ அலை புரியாது. அவற்றின் கண் ஐஆர் ஒன்றையே அறியும். எனவே நடுவில் ஒரு பேஸ் ஸ்டேஷன் வேண்டும். அது ரேடியோ அலையை வாங்கி, மறுபடி ஐஆர் ஒளியாக்கி, மெல்லிய ஒயரின் நுனியிலுள்ள எமிட்டர் வழியாக ஒவ்வொரு கருவியின் கண்ணிலும் செலுத்தும். கடைசி அரை அங்குலம் இன்னும் ஐஆர்தான். இந்த வேலையில் பெரும்பாலான கோளாறுகள் அந்த அரை அங்குலத்தில்தான் நடக்கின்றன.

ரிமோட்டுக்கு ரேடியோ அலை பொருந்துமா என்ற கேள்வி புதிதல்ல. ஜெனித் நிறுவனத்தில் யூஜின் பாலி 1955இல் செய்த ஃபிளாஷ்-மேட்டிக் ஒளியால் இயங்கியது. வெயில் பட்டாலே டிவி தானாகச் சேனல் மாற்றியது. அடுத்த ஆண்டு ராபர்ட் ஆட்லர் மீயொலியில் இயங்கும் ரிமோட்டைத் தந்தார். ரேடியோ அலையையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு டிவியையும் இயக்கிவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள். அந்தக் கவலை இன்றும் பொருந்தும். கச்சிபவுலி அடுக்குமாடியில் மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் ஒரே மாடல் ரிமோட்டை நீங்களே பொருத்தினால், ஒவ்வொரு பேஸ் ஸ்டேஷனுக்கும் தனி அடையாள எண் கொடுத்தே தீர வேண்டும். தொழிற்சாலையில் வைத்த எண்ணை அப்படியே விட்டுவருவது வேண்டாத சண்டைக்கு வழி.

வாங்குமுன்

ஹைதராபாத் வீடுகளில் அடிக்கடி எதிர்ப்படும் நிலைமை இது: மகனோ மருமகளோ டல்லாஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ ஒரு விலையுயர்ந்த ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், "இதைப் பொருத்துங்கள்" என்று உங்கள் கையில் தருவார்கள். பெட்டியைப் பிரிக்குமுன் பின்பக்க லேபிளில் அதிர்வெண்ணைப் படியுங்கள். இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் அனுமதிக்கப்பட்ட பட்டைகளில் நமக்கு வேண்டியவை மூன்று: 10 மில்லிவாட் வரம்புடன் 433–434 மெகாஹெர்ட்ஸ், 2005இல் 867 வரை இருந்து 2021இல் 868 வரை விரிந்த, 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டை, பிறகு வைஃபை, புளூடூத், ஜிக்பீ எல்லாம் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கென்று வந்த பல பழைய யூஆர்சி ரிமோட்டுகள் 418 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அமெரிக்க இசட்-வேவ் கருவிகள் 908.42 மெகாஹெர்ட்ஸ், அது இங்கே மொபைல் போன்கள் டவருக்குப் பேசும் 890–915 பட்டைக்குள் விழுகிறது. இந்தியாவுக்கான இசட்-வேவ் 865.2 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கப் பெட்டியை இங்கே மின்சாரத்தில் இணைத்தால் விளக்கு எரியலாம், வேலையும் செய்யலாம். ஆனாலும் அது சட்டப்படி சரியில்லை, நிறுவனத்தின் பெயரில் நீங்கள் பொருத்தக் கூடாது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ (கருவி வகை அங்கீகார) சான்றுள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். அன்போடு வாங்கி வந்த பொருள் என்பதால் மென்மையாகச் சொல்லுங்கள், ஆனால் வேலை தொடங்குமுன் சொல்லுங்கள். கூடவே அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெட்டியின் மேல் "ஆர்எஃப்" என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. பேஸ் ஸ்டேஷனின் வேலையைச் செய்யும் சில ஹப்களில் அது ரிமோட்டுக்கும் ஹப்புக்கும் இடையிலான வழியைக் குறிக்கும். நமக்கு வேண்டியது அதுதான். பிராட்லிங்க் ஆர்எம்4 புரோ போன்றவற்றிலோ ஹப்பே 433 மெகாஹெர்ட்ஸ் அலை அனுப்பித் திரைச்சீலை மோட்டாரையும் மின்விசிறியையும் இயக்கும் என்று பொருள். அதற்குக் கட்டளை போனிலிருந்து வைஃபை வழியாக வரும். இரண்டும் பயனுள்ள கருவிகளே. சோபாவில் உட்கார்ந்து கையில் பட்டன் வைத்த ரிமோட்டைத் தேடும் பெரியவருக்குப் போன் செயலியைக் கொடுத்து அனுப்பினால் மட்டும் அது தவறான விற்பனை.

இன்னொன்றையும் கேளுங்கள்: இணையம் போனால் இந்த ரிமோட் வேலை செய்யுமா? செய்த அமைப்பை ஃபைலாகச் சேமிக்க முடியுமா? லாஜிடெக் தன் ஹார்மனி வரிசையை 2021 ஏப்ரலில் நிறுத்தியபோது, அந்த அமைப்புகள் எல்லாம் நிறுவனத்தின் சர்வரை நம்பியிருந்ததால் உலகெங்கும் பயன்படுத்துவோர் கவலைப்பட்டார்கள். சர்வரைத் தொடர்ந்து நடத்துவதாக நிறுவனம் உறுதி சொன்னது. அப்படி உறுதி சொல்லாத நிறுவனங்களும் சந்தையில் இருக்கின்றன. வீட்டுக்காரர் பத்து ஆண்டு வைத்திருக்கப் போகும் அறைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வீட்டுக்குள்

முதல் நாள் கருவிப் பெட்டியைத் திறக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எந்தெந்தக் கருவி, எந்த மாடல், எது ஐஆர், எது புளூடூத், எது நெட்வொர்க் வழியாகக் கட்டளை வாங்கும் என்று எழுதுங்கள். இங்குதான் பலர் வழுக்குகிறார்கள். ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு ஐஆர் கண்ணே கிடையாது. பிளேஸ்டேஷன் 5க்கும் கிடையாது. அவற்றின் எதிரே எத்தனை எமிட்டர் ஒட்டினாலும் பலன் இல்லை. புளூடூத் பேசும் ஹப் வேண்டும். டெனான், மராண்ட்ஸ் ஆம்புகளை நெட்வொர்க் வழியாகவே இயக்கலாம். ஆனால் அவற்றின் மெனுவில் நெட்வொர்க் கன்ட்ரோலை எப்போதும் விழித்திருக்கும் நிலையில் வைக்காவிட்டால் ஸ்டாண்ட்பையிலிருந்து எழாது. சில ஆம்புகளின் பின்பக்கம் "ரிமோட் இன்" என்று 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கும். அதற்கு ஒயர் கொடுத்தால் எமிட்டர் ஒட்டும் தலைவலியே இல்லை. ஆனால் பேஸ் ஸ்டேஷனின் வெளியீடு அந்தத் துளைக்கு ஒத்துப்போகிறதா என்று கையேட்டில் பார்த்த பிறகே செருகுங்கள்.

எமிட்டர் ஒட்டுவது பொறுமையைக் கேட்கும் வேலை. கருவியின் முகப்பில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாது. டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் சின்ன வட்டக் குமிழ் தெரியும். தெரியவில்லையா? எமிட்டரை ஒட்டாமல் முகப்பில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, உதவியாளரை வால்யூம் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். வால்யூம் தடையின்றி ஏறும் இடம்தான் கண். அதற்கப்புறம் முகப்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தூசு மேல் ஒட்டியது கோடை வெப்பத்தில் கழன்று விழும். எமிட்டர் ஒளி வீசுகிறதா என்ற சந்தேகம் வந்தால் போனின் முன் கேமராவில் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிறத்தில் மின்னுவது தெரியும்.

ஒரே ரேக்கில் ஒரே மாடல் செட்டாப் பாக்ஸ் இரண்டு இருக்கும் வீடுகள் உண்டு: தியேட்டருக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. இங்கே சேனல் மாற்றினால் அங்கேயும் மாறும். பேஸ் ஸ்டேஷனில் ஒவ்வொரு எமிட்டர் துளைக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்ப வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். எமிட்டர் மேல் ஒளி புகாத கறுப்பு மூடியும் போடுங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை விட்டால் பிரச்சினை பாதிதான் தீரும்.

அடுத்தது பவர் பட்டன். சாதாரண ரிமோட்டில் ஒரே பட்டன் ஆனும் செய்யும், ஆஃபும் செய்யும். "படம் பார்" என்று ஒரு மேக்ரோ (ஒரே அழுத்தில் போகும் கட்டளைத் தொடர்) எழுதி, அதில் புரொஜெக்டர், ஆம்ப், பிளேயர் மூன்றுக்கும் இந்தப் பட்டனையே போட்டீர்கள் என்றால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப் அணையும், மற்றவை எழும். ஐஆர் ஒருவழிப் பேச்சு; கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாது. ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டளைக் கோடுகள் (code) பல கருவிகளில் உண்டு. கம்பெனி ரிமோட்டில் அவற்றுக்குப் பட்டன் இல்லாவிட்டாலும் கருவிக்குள் இருக்கும். அவற்றைத் தேடி எடுப்பதுதான் புரோகிராமரின் முதல் திறமை. பிலிப்ஸ் புரொன்டோ ரிமோட் வந்தது 1998இல்; அதன் உற்பத்தி நின்று ஆண்டுகள் ஆகியும் அதன் ஹெக்ஸ் எழுத்துமுறை இன்னும் தொழிலில் புழங்குகிறது. ஒரு கோடு 0000 006டி என்று தொடங்கினால் 38 கிலோஹெர்ட்ஸ் என்று பார்த்த உடனே சொல்லப் பழகுங்கள். தனிக் கோடு கிடைக்கவே இல்லை என்றால் கருவியின் யூஎஸ்பி துளையில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்து நிலையை அறியும் சென்சாரை ஆதரிக்கும் பேஸ் ஸ்டேஷன்கள் இருக்கின்றன.

மேக்ரோவில் இடைவெளி விடுவதையும் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். புரொஜெக்டர் விளக்கு சூடாக நேரம் எடுக்கும். எச்டிஎம்ஐயில் கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காணவும் நேரம் வேண்டும். இதற்கிடையே எச்டிஎம்ஐ-சிஇசி என்ற வசதி உங்கள் மேக்ரோவுக்குக் குறுக்கே வந்து தானாக இன்புட் மாற்றும். ஒன்று சிஇசி ஆளட்டும், இல்லையேல் மேக்ரோ ஆளட்டும். இரண்டையும் ஓடவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இரவு உங்கள் போன் அடிக்கும்.

பேஸ் ஸ்டேஷனை இரும்பு ரேக்குக்குள் வைக்காதீர்கள். ரேக்கின் மேலோ பக்கவாட்டு மரப்பலகையிலோ வையுங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கான 17 சென்டிமீட்டர்தான் அதன் ஆன்டெனா ஒயர். அழகுக்காக அதைச் சுருட்டி டேப் ஒட்டிவிட்டால் தூரம் குறைந்துவிடும். ஒலிக்காகச் சுவருக்குள் வைக்கும் கிளாஸ்வுல் அலையைத் தடுக்காது. அலுமினியத்தாள் ஒட்டிய கிளாஸ்வுல் நன்றாகத் தடுக்கும். சுவரில் எது போனது என்று தச்சரிடம் கேட்டுவைப்பது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் என்றால் வைஃபை ரவுட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். வைஃபையை நம்பும் ஹப்பாக இருந்தால் ரவுட்டரோடு சேர்த்து அதையும் சிறிய யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மின்வெட்டு முடிந்ததும் ஹப் விழித்து, ரவுட்டர் விழிக்காத நிலை பல புகார்களுக்குக் காரணம்.

நான் மிக முக்கியமாகக் கருதும் ஒன்று பலரின் கொட்டேஷனில் இடம்பெறுவதே இல்லை: வெப்பம். இத்தனை நாளும் ரிமோட்டுக்காகக் கதவு திறந்திருந்தது; அந்த வழியாகவே ஆம்பின் சூடும் வெளியேறியது. ஆர்எஃப் வந்ததும் கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. படம் பாதியில் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், வாடிக்கையாளர் ரிமோட்டைக் குற்றம் சொல்வார். கீழே காற்று வரத் துளை, மேலே சத்தமில்லாத சிறு எக்ஸாஸ்ட் ஃபேன், முடிந்தால் ஆம்பின் 12 வோல்ட் டிரிகரில் அந்த ஃபேன் இயங்கும் ஏற்பாடு: இந்த மூன்றையும் ரிமோட் கொட்டேஷனோடேயே எழுதுங்கள்.

பணமும் பேச்சும்

கொட்டேஷனில் ரிமோட், பேஸ் ஸ்டேஷன், எமிட்டர் ஒரு பக்கம். புரோகிராமிங் நேரம் தனி வரி. ஒரு மாதத்துக்குள் ஒருமுறை வந்து திருத்தித் தருவது இன்னொரு வரி. புரோகிராமிங்கைப் பொருளின் விலைக்குள் ஒளித்து வைத்தால், ஆன்லைனில் அதே ரிமோட்டின் விலையைக் காட்டி வாடிக்கையாளர் பேரம் பேசுவார். உங்கள் நேரத்துக்கு விலை இல்லாமல் போகும். ரேக்கில் ஒரு கருவியை மாற்றினால் மறுபடி புரோகிராம் செய்யக் கட்டணம் உண்டு என்பதையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். பல வீடுகளில் செட்டாப் பாக்ஸ் அடிக்கடி மாறும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் மொழியைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஆனால் கற்றுக்கொள்ளாமலும் இருக்கக் கூடாது. வில்லா வீட்டுக்காரரோடு தெலுங்கு: பெயருக்குப் பின்னால் "காரு" சேர்த்துப் பேசுங்கள். கோட்டி கடைக்காரரிடம் "பாய்" என்று தொடங்கும் தக்கணி இந்தி. தச்சரும் ஃபால்ஸ் சீலிங் ஆளும் பெரும்பாலும் வட மாநிலத்தவர், அங்கேயும் இந்திதான். இவர்களோடு நல்லபடியாகப் பேசத் தெரிந்தவருக்குக் கதவு மூடுமுன்பே ஒயர் போட இடம் கிடைக்கும். தெரியாதவர் மெருகேற்றிய வெனியரில் துளை போட அனுமதி கேட்டு நிற்பார்.

வேலையை ஒப்படைக்கும்போது ரிமோட்டை வீட்டிலேயே மூத்தவர் கையில் கொடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அவர் செய்தியைப் போட்டு, ஒலியைக் கூட்டி, அணைக்கட்டும். அவர் விரல் தடுமாறும் பட்டனை அங்கேயே மாற்றி அமையுங்கள். பழைய ரிமோட் பல மாதங்கள் சாதாரண பேட்டரியில் ஓடியிருக்கும். திரையுள்ள புதிய ரிமோட்டை டாக்கில் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் போனால் சில நாளில் "ரிமோட் செத்துவிட்டது" என்று அழைப்பு வரும்.

எங்கே கற்பது

கோட்டியின் குஜராத்தி கல்லிக்கு ஒரு மாலை போங்கள். டிஎஸ்ஓபி1738 என்ற மூன்று கால் ஐஆர் ரிசீவர், சில ஐஆர் எல்இடி, 433 மெகாஹெர்ட்ஸ் அனுப்பி-வாங்கி மாட்யூல் ஜோடி, ஒரு ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 போர்டு வாங்கி வாருங்கள். கென் ஷிரிஃப் எழுதித் தந்த இலவச ஐஆர்ரிமோட் லைப்ரரி இருக்கிறது. வீட்டு டிவி ரிமோட்டின் கோடைப் படித்து, இன்னொரு அறையிலிருந்து 433 வழியாக அனுப்பி, மறுபடி ஐஆராக்கி டிவியை அணையுங்கள். என்இசி முறையில் 9 மில்லிவிநாடி ஒளி, 4.5 மில்லிவிநாடி இருள், பிறகு 32 பிட்கள் வருவதைத் திரையில் பார்த்துவிட்டால் பேஸ் ஸ்டேஷன் என்பது உங்களுக்கு மூடிய பெட்டியாக இருக்காது. ராயதுர்கத்தில் 2023 மார்ச்சில் திறந்த டி-வொர்க்ஸில் எலெக்ட்ரானிக் மாதிரிகள் செய்து பார்க்கும் வசதிகள் உண்டு. எமிட்டர் மூடியை 3டி அச்சில் எடுத்துப் பார்க்கலாம். முறையான அடிப்படை வேண்டும் என்பவர்கள் ராமந்தபூரின் என்எஸ்டிஐ பயிற்சி நிலையத்தை விசாரியுங்கள். பழையவர்கள் அதை ஏடிஐ என்றே சொல்வார்கள். ஈசிஐஎல் பகுதியில் என்எஸ்ஐசியின் தொழில்நுட்ப மையமும் பயிற்சி தருகிறது.

வீடுகளில் ஒலி-ஒளிக் கருவி பொருத்தும் தொழிலுக்கென்று உலக அளவில் 1989இலிருந்து இயங்குவது சிடியா என்ற சங்கம். அலுவலக ஒலி-ஒளித் துறைக்கு அவிக்சா சங்கத்தின் சிடிஎஸ் சான்றிதழ். ஹைடெக் சிட்டியிலும் ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்டிலும் குவிந்திருக்கும் நிறுவனங்களின் கான்ஃபரன்ஸ் அறைகளைப் பொருத்துவோரும் பராமரிப்போரும் இந்தச் சான்றிதழை மதிக்கிறார்கள். வில்லா ரேக்கில் நீங்கள் பழகிய கோடு, இடைவெளி, நெட்வொர்க் கட்டளை எல்லாம் அந்த அறைகளுக்கும் அப்படியே செல்லும். அங்கே வேலை பகல் நேரத்தில் முடியும் என்பதும் குடும்பம் உள்ளவர்களுக்கு ஒரு காரணம்.

டிப்ளமோ அல்லது இசிஇ பட்டம் உள்ளவர்களுக்கு இதே ஊரில் இன்னொரு படியும் உண்டு. இசட்-வேவ் தொழில்நுட்பத்தை 2018இல் வாங்கிய சிலிக்கான் லேப்ஸ், 2020இல் ரெட்பைன் சிக்னல்ஸின் வயர்லெஸ் பிரிவை அதன் ஹைதராபாத் வடிவமைப்பு மையத்தோடு சேர்த்து வாங்கியது. வீட்டுக் கருவிகள் பேசிக்கொள்ளும் ரேடியோ சிப்களுக்கான வேலை, நீங்கள் எமிட்டர் ஒட்டும் வில்லாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே நடக்கிறது. அங்கே சோதனைப் பிரிவுக்கோ வாடிக்கையாளர் ஆதரவுப் பிரிவுக்கோ விண்ணப்பிப்பவர், உண்மையான வீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலைச் சமாளித்த அனுபவத்தைச் சொன்னால் கேட்பவர் காது கொடுப்பார்.

எந்தப் படிக்குப் போனாலும் நேர்காணலுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். முடித்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபைல் வைத்திருங்கள்: வீட்டுக்காரர் பெயரும் முகவரியும் இல்லாமல், ரேக்கின் படம், எந்தத் துளையில் எந்த எமிட்டர், எந்தக் கோடு எங்கிருந்து கிடைத்தது, மேக்ரோவில் எத்தனை விநாடி இடைவெளி, திரும்பப் போன அழைப்பு எதனால் வந்தது, எப்படிச் சரியானது. அதன் ஒரு பிரதி வாடிக்கையாளரின் ரேக் கதவுக்குள் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்து அந்த அலமாரியைத் திறக்கப் போவது வேறொரு டெக்னீஷியனாக இருக்கலாம்.